ஆரஞ்சு விளக்கு: ஒரு கொல்லிமலை டிராக்டரும் 24 வருஷக் கதையும்

போன தை மாசம் கொல்லிமலை போயிருந்தேன். வாழவந்தி நாட்டில் இருக்கும் செம்மேட்டில் வல்வில் ஓரி சிலையைப் படம் எடுப்பதுதான் திட்டம். கடைசியில் அதிகம் படம் எடுத்தது ஒரு டிராக்டரின் டேஷ்போர்டை.

வண்டி என் நண்பனின் பெரியப்பா மகனுடையது. 55 எச்பி. வாங்கி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. மரவள்ளிக் கிழங்கு ஏற்றிய டிரெய்லரோடு, இழுக்க மாட்டாமல் ரோட்டோரம் நின்றிருந்தது.

"ஆரஞ்சு லைட்டு எரியும் தம்பி. கொஞ்ச நேரத்துல எஞ்சின் சத்தம் தானா ஏறும். சும்மா நிக்கையில டீசல் எதுக்கு எரியணும்னு ஆஃப் பண்ணிருவேன். நாலஞ்சு தடவை அப்படிப் பண்ணிருப்பேன். இப்ப இழுக்கவே மாட்டேங்குது" என்றார்.

வண்டி வாங்கும்போது இதைப் பற்றி யாரும் சொல்லவில்லையாம். சர்வீஸ் ஆள் லேப்டாப்போடு மலையேறி வர மூன்று நாள். பிடுங்கிய கிழங்கு அதுவரை தாங்காது, இரண்டு மூன்று நாளில் உள்ளே கருக்க ஆரம்பித்துவிடும். வேறு வண்டி பிடித்து லோடு போனது. வாடகை, சர்வீஸ் செலவு எல்லாம் அவர் தலையில்.

ஊர் திரும்பியதும் நோண்ட ஆரம்பித்தேன். அந்த விளக்கு எங்கிருந்து வந்தது?

இந்தியாவில் டிராக்டர் புகைக்கு முதல் வரம்பு வந்தது 1999 அக்டோபரில். பெயர் டிரெம். 2003, 2005 என்று படிப்படியாக இறுகி, இவர் வண்டி அளவுக்கு 2011 ஏப்ரலில் டிரெம் 3ஏ வந்தது. அதுவரை எஞ்சினுக்குள் செய்த மாற்றங்களே போதுமாக இருந்தன. டிரைவர் புதிதாக எதையும் கற்க வேண்டியதில்லை.

அடுத்த படிதான் பெரிய தாவல். டிரெம் 4, 2020 அக்டோபரில் வர வேண்டியது. பலமுறை தள்ளிப்போய் 2023 ஜனவரி 1-இல் அமலானது, அதுவும் 50 எச்பிக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு மட்டும். 50 முதல் 75 எச்பி வரையிலான வண்டிகளுக்கு நைட்ரஜன் ஆக்சைடும் ஹைட்ரோகார்பனும் சேர்ந்த வரம்பு மாறவே இல்லை, அதே 4.7 கிராம். கரித்துகள் வரம்பு மட்டும் ஒரு கிலோவாட் மணி வேலைக்கு 0.4 கிராமிலிருந்து 0.025 கிராமுக்கு இறங்கியது. பதினாறில் ஒரு பங்கு!

அதனால்தான் இந்த அளவு வண்டிகளில் பொதுவாக லாரிகளில் இருப்பது போன்ற யூரியாக் கரைசல் டேங்க் இருக்காது. அது நைட்ரஜன் ஆக்சைடுக்கான மருந்து. கரியைப் பிடிக்க வேறு சாமான் வேண்டும். அதுதான் டிபிஎஃப் என்கிற வடிகட்டி, சைலன்சர் வழியில் உட்காரும் பீங்கான் தேன்கூடு. இதற்குக் கந்தகம் குறைந்த டீசல் அவசியம். பிஎஸ் 3 டீசலில் 350 பிபிஎம் வரை கந்தகம் இருக்கலாம். 2020 ஏப்ரலில் நாடு முழுக்க பிஎஸ் 6 டீசல் வந்தபோது அது 10 பிபிஎம் ஆனது.

பிடித்த கரியை என்ன செய்வது? எரிக்க வேண்டும். வண்டி நல்ல பாரத்தில் ஓடினால் புகையின் சூட்டிலேயே கொஞ்சம் கொஞ்சமாக எரிந்துவிடும். இல்லையென்றால் கம்ப்யூட்டர் கூடுதலாக டீசல் தெளித்து, வடிகட்டியைச் சுமார் 600 டிகிரிக்கு ஏற்றி எரிக்கும். 'ரீஜெனரேஷன்' என்பது இதுதான். எங்கள் தொழிலில் சொன்னால், டிஸ்க் நிரம்புவதற்குள் பழைய லாக் ஃபைல்களை அழிக்கிற வேலை. ஒவ்வொரு தடவையும் அதைப் பாதியில் நிறுத்தினால் ஒரு நாள் சர்வர் படுத்துவிடும்.

இப்போது அண்ணனின் ஒரு நாளைப் பாருங்கள். காட்டிலிருந்து லாரி நிற்கும் இடம் வரை இரண்டு கிலோமீட்டர். கிழங்கு ஏற்றும் வரை எஞ்சின் ஐடிலில் ஓடும். பிறகு சின்ன ஓட்டம், மறுபடி ஐடில். வடிகட்டி சூடாகவே வழியில்லை. சமவெளியில் நாள் முழுக்க ரோட்டவேட்டர் ஓட்டுகிறவருக்கு இந்த விளக்கு அடிக்கடி வராது. அண்ணன் வண்டியைக் கெடுக்கவில்லை. மலைக்காட்டு வேலையின் கணக்கு வேறு, வடிகட்டியின் கணக்கு வேறு.

தெரிந்துகொண்டதில் முக்கியமானவை இவை. காத்திருக்கும் நேரத்தில் எஞ்சினை அணைத்துவிடலாம், ஆனால் ரீஜெனரேஷன் நடக்கும்போது அணைக்கக் கூடாது. நின்றபடி எரிக்கச் சொன்னால் சருகு, வைக்கோல் இல்லாத வெறுந்தரையில் நிறுத்த வேண்டும். அதைத் தடுக்கும் சுவிட்ச் தீ ஆபத்துள்ள இடத்துக்கு மட்டும்தான். பாதியில் அடிக்கடி நிறுத்தினால் எரியாத டீசல் எஞ்சின் ஆயிலில் கலக்கும், ஆகவே ஆயில் மட்டம் ஏறினாலும் கவனிக்க வேண்டும். ஆயிலின் சாம்பல் எரியாமல் வடிகட்டியிலேயே தங்கிவிடும். கையேட்டில் சொன்ன குறைந்த சாம்பல் ஆயில்தான் ஊற்ற வேண்டும்.

"கழட்டி எறிஞ்சிட்டா என்ன?" என்று கேட்டார். அப்படிச் செய்து தர ஆள் கிடைக்கலாம். ஆனால் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012-இல் டீசல் புகையை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது என்று வகைப்படுத்தியது. அந்தப் புகைக்கு மிக அருகில் இருப்பது ஸ்டீயரிங் பிடிக்கிறவர்தான். இதைச் சொன்னதும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

"இதை வண்டி குடுத்த அன்னைக்கே ஒருத்தன் சொல்லியிருந்தா ஒரு லோடு கிழங்கு நேரத்துக்குப் போயிருக்கும்" என்றார் பிறகு.

போன வாரம் போன் பண்ணினார். விளக்கு எரிந்ததாம். வெறுந்தரையில் நிறுத்தி, டீ குடித்து முடித்தும் அணைக்கவில்லையாம். "அரை மணி நேரம் தம்பி. ஆனா தானா அணைஞ்சிருச்சு."