ஓரங்குலப் படத்தில் ஊரைத் தேடி

வயற்காணி ஒன்றின் பூர்வீகத்தைத் தேடப்போய்த்தான் பழைய படங்களின் பக்கம் நான் திரும்பினேன். எங்கள் மூத்தாப்பா சம்மாந்துறைக்கு மேற்கே செய்த காணி அது. உறுதி 1990இல் நாங்கள் இடம்பெயர்ந்தபோது தொலைந்து போயிற்று. "அந்தப் பக்கத்தில் நீங்கள் எந்தக் காலத்தில் வயல் செய்தீர்கள்?" என்று கந்தோர் ஒன்றில் கேட்டார்கள். வாயால் சொன்ன பதில் எடுபடவில்லை.

ஓய்வுபெற்ற நில அளவையாளரான உறவினர் ஒருவர் தமது இரும்புப் பெட்டியிலிருந்து, பின்புறம் துணி ஒட்டிய தாளொன்றை எடுத்துத் தந்தார். ஓர் அங்குலத்துக்கு ஒரு மைல் என்ற அளவில் வரையப்பட்ட இடவிளக்கப்படம். 1800இல் நிறுவப்பட்ட நில அளவைத் திணைக்களம் 1897இல் இந்த வேலையைத் தொடங்கி, 1924 அளவில் முழுத் தீவையும் 72 தாள்களில் அடக்கியது. நாம் இன்று பள்ளியில் கற்பிப்பது 1:50,000 அளவிலான படம். அது 92 தாள்கள் கொண்டது. பழைய படத்தின் அளவு 1:63,360. ஆகவே பழையதை 127 வீதமாகப் பெருப்பித்துப் பிரதியெடுத்து, எண்ணெய்த்தாளில் வரைந்து புதியதன்மேல் வைத்தால் இரண்டும் ஏறக்குறையப் பொருந்திவிடும். என் மாணவர்கள் ஒரு சனிக்கிழமை காலையில் இதைச் செய்து முடித்தார்கள்.

பழைய படத்தில் சமவுயரக் கோடுகள் நூறு அடிக்கு ஒன்றாகவே வருகின்றன. எங்கள் கரையோர வயல்வெளி முழுவதும் முதற்கோட்டுக்கும் கீழே கிடக்கிறது. மலைநாட்டாருக்கு அந்தக் கோடுகள் பேசும். எங்களுக்குப் பேசுவன நீரும் பெயர்களுமே.

முதலில் நீர். பழைய தாளில் பட்டிப்பளை ஆறு தன் விருப்பத்துக்கு வளைந்தும் கிளைத்தும் செல்கிறது. 1949இல் கல்லோயாத் திட்டம் தொடங்கி, இங்கினியாகலையில் அணை எழும்பி, சேனாநாயக்க சமுத்திரம் உருவான பின்னர் வரைந்த படத்திலோ, நேர்நேரான வாய்க்கால்கள் சமவெளியை வெட்டிச் செல்கின்றன. வளைந்த கோட்டை மழையும் மண்ணும் வரைந்தன. நேர்கோட்டைப் பொறியியலாளர் வரைந்தார். புதிய குடியேற்றங்கள் பலவற்றுக்குப் பெயருக்குப் பதில் எண் கிடைத்தது: நாலாம் கொலனி, பன்னிரண்டாம் கொலனி.

அடுத்தது பெயர். படத்தின் பெயர்களெல்லாம் ஆங்கிலத்தில். கிராமத்தான் சொல்ல, அளவையாளர் எழுதியவை. ல, ள, ழ மூன்றுக்கும் அங்கே ஓரெழுத்தே. 'வெளி'யும் 'வேலி'யும் ஒன்றாகிவிடும். திருத்தி வாசிக்க வட்டைகளில் உழுது பழகிய மூத்தவர்கள் வேண்டும். ஒரு வட்டவிதானையார் எங்களோடு பாயில் அமர்ந்து ஒவ்வொரு பெயரையும் சொல்லிப் பார்த்துத் திருத்தினார்.

சம்மாந்துறை என்ற பெயர் 'சம்பான் துறை'யின் மருவு என்பது ஊர் வழக்கு. கடலுக்கு இவ்வளவு தள்ளியுள்ள ஊருக்கு ஏன் துறை? கடலை மறந்துவிட்டு வாவியைப் பார்க்க வேண்டும். மட்டக்களப்பு வாவி தெற்கே கல்முனைப் பக்கம்வரை நீள்கிறது. அதன் தென்முனைச் சதுப்புப் பக்கமாகவே இன்றும் மாரியில் வெள்ளம் பாயும் கிட்டங்கித் தாம்போதி இருக்கிறது. 'கிட்டங்கி' என்றால் பண்டகசாலை. நீரோரத்தில் பண்டகசாலை, அதற்கப்பால் துறை. இவ்விரு பெயர்களும் ஒன்றுக்கொன்று சாட்சி சொல்வதாகவே எனக்குப் படுகிறது. இது என் ஊகமே. ஆனால் படத்தை விரித்து வைத்த பின்னர் எழுந்த ஊகம்.

இனி எங்கள் காணி. மூத்தாப்பாவின் வயல் இருந்த இடத்தில் பழைய படம் பற்றைக்காட்டைக் காட்டியது. என் முகம் வாடிப்போயிற்று. நான் தேடிய சாட்சி எனக்கு எதிராகவே நின்றது.

பிறகு யோசித்தேன். அளவை தொடங்கிய அதே 1897இல்தான் தரிசு நிலச் சட்டமும் வந்தது. உரித்தை நிறுவ முடியாத காடும் தரிசும் முடிக்குரியவை என்பது அதன் போக்கு. ஒரு போகம் வெட்டி, சில ஆண்டுகள் ஆறவிட்ட சேனை, வேற்றாள் கண்ணுக்குக் காடுதான். ஆகவே படத்தின் வெறுமையை ஆளில்லாமை என்று வாசிக்கக் கூடாது. அதேவேளை, வெறுமையை எங்கள் உரித்து என்றும் வாசிக்க முடியாது. அந்தப் பற்றைக்காட்டின் நடுவே கைவிடப்பட்ட ஒரு சிறுகுளம் இருக்கிறது. அதைக் கட்டியவர் எவரென்று படம் சொல்லவில்லை. எங்களுக்கு முன்னரும் அங்கே யாரோ விதைத்திருக்கிறார்கள்.

ஆனால் எங்கள் ஊரிலிருந்து அந்தக் குளத்துக்கு ஒரு புள்ளிக்கோடு போகிறது. ஒற்றையடிப் பாதை. உறுதியில்லாவிட்டாலும் அது கால்களின் சாட்சி. கந்தோருக்கு நான் எழுதிய கடிதத்தில் பாதையையும் சொன்னேன், பற்றைக்காட்டையும் மறைக்கவில்லை. முடிவு இன்னும் வரவில்லை.

ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஊர்த் தாளைத் தேடிப் பெறுங்கள். ஓரத்தில் அளந்த ஆண்டும் அச்சிட்ட ஆண்டும் இருக்கும். இரண்டையும் குழப்பாதீர்கள், மறுபதிப்பில் புதிய தெருக்கள் சேர்ந்திருக்கும். பின்னர் அதை மூத்தவர்கள் முன் விரியுங்கள். தாள் எங்காவது கிடைக்கும். எங்களுக்குப் பெயர்களைத் திருத்தித் தந்த வட்டவிதானையார் சென்ற மாரியில் மௌத்தாகிவிட்டார்.