கிருஷ்ணர் வெளுத்த கதை

எங்கள் தஞ்சாவூர் வீட்டுப் பூஜையறையில் பாட்டி காலத்துக் கிருஷ்ணர் படம் ஒன்று உண்டு. போன வருடம் அங்கே எரிந்த குண்டு பல்பைக் கழற்றிவிட்டு 9 வாட்ஸ் எல்இடி மாட்டினேன். "கிருஷ்ணர் வெளுத்துப் போயிட்டாரேடா!" என்றாள் அம்மா. அந்த மங்கின கண்ணுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை.

தஞ்சாவூர்ப் படங்கள் மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜி (1798–1832) காலத்தில் செழித்தவை. பலா மரப் பலகையில் துணி ஒட்டி, சுண்ணாம்புத்தூளைப் பசையில் குழைத்து மேடு எழுப்பி, தங்க ரேக்கும் கண்ணாடிக் கற்களும் பதிப்பார்கள். அன்று மின்சாரம் ஏது? குத்துவிளக்கு வெளிச்சம்தான். சுடரில் சிவப்பும் மஞ்சளும் அதிகம், நீலம் குறைவு. தங்கம் நீலத்தை விழுங்கிவிட்டு, சிவப்பையும் மஞ்சளையும்தான் திருப்பித் தரும். அதனால்தான் அரையிருட்டிலும் படம் ஜொலித்தது.

நான் வாங்கிவந்தது 6500 கெல்வின். நீலம் தூக்கலான வெள்ளை. மறுநாளே 2700 கெல்வின் 'வார்ம் ஒயிட்' வாங்கி மாட்டினேன். ரேக்கு மறுபடி மினுங்கியது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை, கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

பூஜையறைக்குப் பல்பு வாங்குகிறவர்கள் அட்டைப்பெட்டியில் வாட்ஸை மட்டுமல்ல, கெல்வினையும் பாருங்கள்.