குடியேறியோரும் குடியுரிமைத் தாளும்

நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறிய தமிழர் பலர், 1972இல் போர்ட் கிள்ளான் எனப் பெயர் மாறிய போர்ட் சுவெட்டன்ஹாமில் கரையிறங்கினர். நோய்த்தடுப்பு முகாமில் தங்கியபின் கங்காணியைத் தொடர்ந்து தோட்டம் புகுந்தனர். லயத்தில் ஓர் அறை, கடனுக்கு அரிசி, பால்மரக் காட்டில் ஒரு மாரியம்மன் கோயில் என அவர்தம் புதுவாழ்வு தொடங்கிற்று. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப்பேர் உள்ள தோட்டத்தில் பள்ளி அமைய வேண்டுமென 1923ஆம் ஆண்டுத் தொழிற்சட்டம் விதித்தது.

உணவும் வழிபாடும் கல்வியும் ஓரளவு அமைந்தன; பத்திரம் மட்டும் அமையவில்லை. பிரிக்பீல்ட்சில் வாழ்ந்த இலங்கைத் தமிழருள் பலர் ஆங்கிலம் கற்று இரயில்வேயிலும் அரசு அலுவலகங்களிலும் பணியாற்றியவர். பதிவேட்டின் அருமை அறிந்தவர். தோட்டத் தொழிலாளர் பலரோ ஊர் திரும்பும் எண்ணத்துடனேயே வாழ்ந்தனர். கோயிலில் தாலி கட்டினால் போதும். அதை எழுதிவைக்க வேண்டுமெனத் தோன்றவில்லை.

1957இல் நாடு விடுதலை பெற்றது. குடியுரிமைக்கு விண்ணப்பியாதோர் சிவப்பு அடையாள அட்டையுடன் நின்றனர். குடியுரிமை இல்லாதோர்க்கு வேலை அனுமதி வேண்டுமென்னும் 1968ஆம் ஆண்டுச் சட்டம் 1969இல் நடைமுறைக்கு வந்தபோது, பலர் உழைத்த மண்ணை விட்டுத் தமிழகம் திரும்பினர். ஆவணமற்ற இந்தியரைப் பதிய 2011இல் ‘மைடஃப்தார்’ இயக்கம் நடத்த நேர்ந்ததெனில், அக்குறை எத்தனை தலைமுறை நீண்டதென்பது விளங்கும்.

முதலாம் ஆண்டுச் சேர்க்கையில் ஆசிரியர் கேட்கும் பிறப்புப் பத்திரம் வெறுந்தாளன்று. பாட்டன் சிந்திய வியர்வைக்குப் பேரன் பெறும் பட்டா அது.