வாடகைப் பியானோவும் வாத்தியார் வீட்டு வயலினும்

ஒரகடத்தை ஒட்டிய வல்லம் வடகால் சிப்காட்டில் 2015 முதல் யமஹா பைக் தயாராகிறது. பெட்ரோல் டேங்கில் உள்ள வட்டச் சின்னத்தை உற்றுப் பார்த்தால் மூன்று இசைக்கவைகள் தெரியும். 1887-இல் ஜப்பானின் ஹமமட்சுவில் டொரகுசு யமஹா ஒரு பள்ளிக்கூடத்து ஆர்கனைப் பழுது பார்த்ததுதான் இந்தக் கம்பெனியின் தொடக்கம். மோட்டார் பிரிவு 1955-இல்தான் தனியே போனது. வாத்தியம் செய்யும் யமஹாவும் 2019-இல் சென்னைக்குத் தெற்கே ஆலை போட்டு, கீபோர்டும் கிதாரும் செய்யத் தொடங்கியது.

கூப்பிடு தூரம் இல்லாவிட்டாலும் பைக்கில் போய்வரும் தூரத்தில் வாத்தியம் உருவாகிறது. அப்படியும் பிள்ளையை வாத்திய வகுப்பில் சேர்க்கும் பெற்றோருக்குக் குழப்பம் தீரவில்லை: சொந்தமாக வாங்குவதா, வாடகைக்கு எடுப்பதா?

இந்தக் குழப்பமே நம் ஊருக்குப் புதிது. குருகுலத்தில் பிள்ளை தொட்ட முதல் வாத்தியம் பெரும்பாலும் குரு வீட்டுடையதாகவே இருந்தது. விலை உயர்ந்ததென்றால் புரவலர் பார்த்துக்கொண்டார். பாலுசுவாமி தீட்சிதர் ஐரோப்பியரிடம் வயலின் கற்க ஏற்பாடு செய்தது மணலி முதலியார் குடும்பம். தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலுவுக்கு சுவாதித் திருநாள் மகாராஜா 1834-இல் தந்த வயலின் தந்தத்தால் ஆனது. பணம் கொடுத்து வாங்கும் பேச்சுக்கே அங்கே இடமில்லை.

வாடகையைக் கொண்டுவந்தவர்கள் வெள்ளைக்காரர்கள். பியானோவைச் சீமையிலிருந்து கப்பலில் இறக்கினாலும் கடலோரத்து ஈரக்காற்றில் மரம் உப்பும், சுருதி ஏறும். அதிகாரிக்கோ அடிக்கடி மாற்றல். எனவே மாத வாடகைதான் தோது. 1842-இல் மதராஸில் தொடங்கிய மிஸ்குவித் கம்பெனி பியானோவும் தேவாலய ஆர்கனும் செய்து, பழுதும் பார்த்தது. இன்று அண்ணா சாலையில் இருக்கும் மியூசி மியூசிக்கல் அதன் வாரிசுதான்.

ஆனால் வாடகை வாத்தியத்தின் மிக உருக்கமான அத்தியாயம் கோடம்பாக்கத்தில் எழுதப்பட்டது. இசையமைப்பாளர் ஆர்.கே. சேகர் 1976-இல் காலமானபோது மகனுக்கு வயது ஒன்பது. வீட்டில் மிஞ்சியது அவர் சேர்த்து வைத்திருந்த கீபோர்டுகளும் கருவிகளும். விற்றுவிட்டு வட்டியில் குடும்பம் நடத்தலாம் என்று யோசனை சொன்னார்கள். தாயார் கேட்கவில்லை. ஸ்டூடியோக்களுக்கு வாடகைக்கு விட்டு வயிறு கழுவினார். பிள்ளை கற்கவும் கருவி வீட்டிலேயே நின்றது. அந்தப் பிள்ளைதான் ஏ.ஆர். ரஹ்மான். அன்று விற்றிருந்தால் என்னவாகியிருக்கும் என்று யாரும் கணக்குப் போட முடியாது. ஆனாலும் விற்காததே சரி என்றுதான் தோன்றுகிறது.

அதற்குச் சில ஆண்டுகள் முன்பு, மயிலாப்பூரில் தன்ராஜ் மாஸ்டரின் அறைக்குப் போய்ப் பாடம் கேட்டவர் இளையராஜா. மேற்கத்திய இசையிலும் குரு வீட்டு வழக்கம் விடவில்லை, பாருங்கள்.

ஸ்ரீபெரும்புதூர் - ஒரகடம் வட்டாரத்தில் இப்போது குடியிருப்பவர்கள் பலர் பழைய பியானோ வாடகைக்காரர்களைப் போலத்தான்: வேலைக்கு வந்தவர்கள், மாற்றல் வந்தால் மூட்டை கட்டுபவர்கள். அவர்களுக்கு வாடகை தோதுதான். ஆனாலும் எல்லா வாத்தியத்துக்கும் ஒரே விடை இல்லை. சிறுவர் வயலின் கால், அரை, முக்கால் என்று கையின் நீளத்துக்கேற்ப வளர்ந்துகொண்டே போகும். மூன்றையும் புதிதாக வாங்குவது வீண் செலவு. மேல்நாடுகளில் பிள்ளைகளுக்கு வயலினை வாடகைக்கு எடுப்பது சகஜமானதும் இதனால்தான். மிருதங்கத்தில் தோல் தேயும், மூட்டு மாற்ற வேண்டும். அந்தச் செலவு யார் தலையில் என்று முதலிலேயே பேசிவிடாவிட்டால் வாடகை மனஸ்தாபத்தில் முடியும். நாதசுரத்துக்குச் சீவாளி எப்படியும் சொந்தமாகத்தான் இருக்க வேண்டும். வாயில் வைத்து ஊதுவதாயிற்றே.

காஞ்சிபுரம் மாவட்ட அரசு இசைப்பள்ளியில் இந்த மூன்றுமே கற்றுத் தருகிறார்கள். பிள்ளையைச் சேர்க்க நினைப்பவர்கள் கடைக்குப் போகும் முன் ஆசிரியரைக் கேளுங்கள்: பழைய மாணவர் விட்டுச்சென்ற முக்கால் வயலின் ஒன்று எங்கேயாவது சும்மா தூங்கிக்கொண்டிருக்கலாம்.