கேமரன் மலைத் தோட்டங்களும் ஊதிய அளவுகோலும்: ஒரு வரலாற்று நோக்கு

நில அளவையாளர் வில்லியம் கேமரன் 1885ஆம் ஆண்டில் பகாங் மாநிலத்து மலைப்பகுதியை ஆராய்ந்தார். ஜே. ஏ. ரசல் 1929இல் அங்குப் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். கேமரன் மலையின் தேயிலை வரலாறு பெரும்பாலும் இவ்விரு பெயர்களோடு தொடங்கி, சுற்றுலாச் சிறப்போடு முடிந்துவிடுகிறது. கொழுந்து பறித்த தமிழர்கள் எவ்வகையில் ஊதியம் பெற்றனர் என்ற வினா அதில் இடம்பெறுவதில்லை. எவ்வளவு பெற்றனர் என்பதோடு, எந்த அளவுகோலால் பெற்றனர் என்பதையும் ஆராய்தல் வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

குடியேற்றவாத ஆட்சியில் அளவுகோல் நாளாக இருந்தது. 1920களின் இறுதியில் மலாயாவின் முக்கியத் தோட்டப் பகுதிகளில் இந்தியத் தொழிலாளர்க்குரிய நாட்கூலி ஆணுக்கு 50 காசும் பெண்ணுக்கு 40 காசுமாகும். பொருளாதார மந்தத்தின்போது, 1930இல், அது முறையே 40 காசாகவும் 32 காசாகவும் குறைக்கப்பட்டது. இரு நிலையிலும் பெண்ணின் கூலி ஆணின் கூலியில் ஐந்தில் நான்கு பங்கே. கொழுந்து பறிப்பதில் பெண்கள் பெரும்பங்கு வகித்தனர் என்பதை இங்கு நினைவிற்கொள்ள வேண்டும்.

1954ஆம் ஆண்டில் ஐந்து சங்கங்கள் இணைந்து தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவாயிற்று. பி. பி. நாராயணன் அதன் பொதுச் செயலாளராக விளங்கினார். கூட்டு ஒப்பந்தங்கள் நிலைபெற்றன. ஆயினும் நாளும் எடையுமே ஊதியத்தைத் தீர்மானித்தன. மழை பெய்தாலும் விளைச்சல் குன்றினாலும் இழப்பைத் தொழிலாளரே சுமந்தனர். 1990இல் மாதச் சம்பளம் கோரிச் சங்கம் நடத்திய வேலைநிறுத்தம் இவ்வளவுகோலையே எதிர்த்தது. எனினும் நாட்கூலி முறை உடனே மறையவில்லை.

அளவுகோல் ஏன் முதன்மை பெறுகிறது என்பதைக் கேரளத்தின் மூணாறு தெளிவாக்கும். 2015இல் அங்குள்ள தமிழ்ப் பெண் தொழிலாளர்கள் தொழிற்சங்கங்களை விலக்கி, ‘பெம்பிளை ஒருமை’ என்ற பெயரில் தாமே போராடினர். நாட்கூலி 232 ரூபாயிலிருந்து 301 ரூபாயாக உயர்ந்தது. அதனோடு பறிக்கவேண்டிய கொழுந்தின் அளவும் 21 கிலோவிலிருந்து 25 கிலோவாக உயர்ந்தது. தொகையை மட்டும் காண்பவர் இதனை முழு வெற்றி என்றே எழுதுவார்.

மலேசியாவில் 2013 சனவரியில் நடைமுறைக்கு வந்த குறைந்தபட்ச ஊதிய ஆணை, தீபகற்பத்தில் மாதம் 900 வெள்ளி என வரையறுத்தது. எடைக்கேற்ப ஊதியம் பெறுவோரின் மாத வருவாயும் அதற்குக் குறையலாகாது என்பதே அதன் சிறப்பு. ஆனால் 2020இல் மாநகர, நகராண்மைப் பகுதிகளுக்கு 1,200 வெள்ளி விதிக்கப்பட்டபோது, மாவட்ட மன்றத்தின் கீழுள்ள கேமரன் மலைக்கு 1,100 வெள்ளியே உரியதாயிற்று. 2022இல் 1,500 வெள்ளி, 2025இல் 1,700 வெள்ளி எனத் தொகை உயர்ந்தது. மாத அளவுகோல் சட்டமாவதற்கு முன்னரே தமிழ்க் குடும்பங்கள் பல தோட்டங்களை நீங்கிவிட்டன. இன்று அப்பணியில் அயல்நாட்டுத் தொழிலாளர் மிகுதியாக உள்ளனர்.

முதியோர் பெட்டிகளில் எஞ்சியுள்ள சம்பளச் சீட்டுகள் இவ்வரலாற்றின் மூல ஆவணங்களாகும். நாள், எடை, பிடித்தம் ஆகிய மூன்றும் அவற்றில் ஒருங்கே பதிவாகியிருக்கும். தமிழாசிரியர்கள் மாணவர்வழி அவற்றைத் திரட்டத் தொடங்கினால், தொழிலாளர் தரப்பிலிருந்தும் கேமரன் மலையின் வரலாற்றை எழுத இயலும்.