யூரின் பேக் ஏன் கட்டிலுக்குக் கீழேயே தொங்குது?

ஆஸ்பத்திரியில யாரையாவது பார்க்கப் போனா ஆப்பிளும் ஹார்லிக்ஸுமா போய் நிக்கிறோம். கட்டில் ஓரத்துல மஞ்சளா ஒரு பை தொங்கும். பார்த்தும் பார்க்காத மாதிரி முகத்தைத் திருப்பிக்குவோம். இன்னிக்குப் பதிவு அந்தப் பையைப் பத்தித்தான் மக்களே. சாப்பிட்டுக்கிட்டே படிக்கிறவங்க அப்புறமா வாங்க :)

முதல்லயே சொல்லிடறேன், நான் டாக்டர் இல்லை. பொட்டி தட்டுறவன். ஆனா எங்க கே.ஜி.கண்டிகைப் பக்கம் யாருக்காவது பெரிய வைத்தியம்னா திருத்தணியில ஆரம்பிச்சு திருவள்ளூர், வேலூர், சென்னைன்னு அலையறோம். கூட இருந்து பார்த்துக்கிறது வீட்டு ஆளுங்கதான். அந்தப் பையைக் காலி பண்றதும் பல சமயம் அவங்கதான். அதனால இந்தக் கதை நமக்குத் தெரிஞ்சிருக்கணும்.

குழாய் விடறது புதுசு இல்லை. மூத்திரம் அடைச்சுக்கிட்டா குழாய் விடுற முறை நம்ம சுஸ்ருத சம்ஹிதையிலேயே இருக்கு. அமெரிக்காவுல பெஞ்சமின் பிராங்க்ளின், கல்லடைப்பால அவதிப்பட்ட தன் அண்ணனுக்காக 1752ல வளையுற வெள்ளிக் குழாய் ஒண்ணு செய்ய வெச்சார். இதெல்லாம் விட்டு, வடிச்சு, எடுத்துடற குழாய்கள். உள்ளேயே தங்காது.

தங்க வெச்சது ஃபோலே. அமெரிக்க மருத்துவர் ஃப்ரெடெரிக் ஃபோலே 1930களில், நுனியில குட்டி பலூன் வெச்ச ரப்பர் குழாயைக் கொண்டுவந்தார். உள்ளே போனதும் பலூன்ல தண்ணி ஏத்திடலாம், நழுவாது. பேட்டன்ட் வழக்குல அவர் தோத்துப் போனார், ஆனா பேரு நிலைச்சிடுச்சு. இன்னிக்கும் எல்லா வார்டுலயும் அது 'ஃபோலேஸ்'தான். என்னைக் கேட்டா சிக்கல் ஆரம்பிச்ச இடமும் இதுதான். போடறது சுலபமானப்ப, மறக்கறதும் சுலபமாயிடுச்சு.

அப்போ குழாயோட மறுமுனை கட்டிலுக்கு அடியில ஒரு திறந்த பாட்டில்ல போய் விழும். அது கிருமிக்குப் போட்ட படிக்கட்டு மாதிரி. 1950களில் எட்வர்ட் காஸ் போன்றவங்க எண்ணிப் பார்த்தாங்க. இந்த மாதிரி திறந்த முறையில நாலே நாள்ல கிட்டத்தட்ட எல்லா நோயாளிகளோட மூத்திரத்துலயும் கிருமி! 1958ல பால் பீசன் ஒரு மருத்துவ இதழ்ல தலையங்கம் எழுதினார். தலைப்பே 'கதீட்டருக்கு எதிரான வழக்கு'. இது ஆபத்தான வேலை, யோசிச்சுப் போடுங்கன்னு டாக்டர்களுக்கே சொன்னார்.

வேடிக்கை என்னன்னா, விடை ஏற்கனவே இருந்தது. குத்பர்ட் டியூக்ஸ்னு ஒரு லண்டன் மருத்துவர் 1928லயே, பாதையைத் திறக்காம மூடியே வெச்சு வடிக்கிற முறையைச் சொல்லிட்டார். பெருசா யாரும் கண்டுக்கலை. 1966ல கால்வின் கூனினும் மெக்கார்மக்கும் மூடிய பை முறையால தொற்று எவ்வளவு குறையுதுன்னு ஆய்வு பண்ணிக் காட்டினதுக்கு அப்புறம்தான் உலகம் மெல்ல மாறுச்சு. இதுல புது மருந்து எதுவும் இல்லைங்க. இணைப்பைப் பிரிக்காதே, பையைக் கீழே வை. அவ்ளோதான். பை மேலே போனா தேங்கின மூத்திரம் திரும்ப உள்ளே ஓடும். ஒன் வே டிராஃபிக்கை ரிவர்ஸ்ல விட்ட கதை.

மூடின முறையிலயும் பூஜ்யம் ஆகலை. குழாய் இருக்கிற ஒவ்வொரு நாளும் 3 முதல் 7 சதவீதம் பேருக்குப் புதுசா கிருமி சேருது. அப்போ கேள்வி, குழாயை உள்ளேயே வெச்சிருக்கணுமா?

இதுக்குப் பதில் முதுகுத்தண்டு அடிபட்டவங்க கிட்டேர்ந்து வந்தது. முதல் உலகப்போர்ல அப்படி அடிபட்டவங்கள்ல பெரும்பாலானவங்க படுக்கைப் புண்ணாலயும் மூத்திரத் தொற்றாலயும்தான் செத்தாங்க. 1944ல இங்கிலாந்தில் ஸ்டோக் மாண்டவில் மையத்தைத் தொடங்கின லுட்விக் கட்மன், குழாயைத் தங்க விடாம அப்பப்போ விட்டு எடுக்கிற முறையைக் கடைப்பிடிச்சார். 1972ல அமெரிக்காவின் லாபிடஸ் இன்னும் ஒரு படி மேலே போனார். நோயாளியே, கையை நல்லாக் கழுவிட்டு, சுத்தமான குழாயை விட்டு எடுத்தாப் போதும், ஆபரேஷன் தியேட்டர் சுத்தம் வேண்டாம்னார்.

நம்ம பக்கத்துல இதோட தொடர்ச்சி வேலூர். சி.எம்.சி. மருத்துவர் மேரி வர்கீஸ் 1954ல கார் விபத்துல இடுப்புக்குக் கீழே உணர்வை இழந்தார். சக்கர நாற்காலியில உட்கார்ந்தே தொழுநோயாளிகளுக்குக் கை அறுவை சிகிச்சை செஞ்சார். அப்புறம் நியூயார்க் போய் மறுவாழ்வு மருத்துவம் படிச்சுட்டு வந்தார். 1966ல வேலூரில் மறுவாழ்வு மையம் திறந்தது. கூனின் ஆய்வு வந்த அதே வருஷம்! இந்த மாதிரி மையங்கள்ல நடக்கப் பழக்கறது மட்டும் இல்லை, மூத்திரப்பையைக் காப்பாத்திக்கவும் சொல்லித் தர்றாங்க.

சரி, மத்த வார்டுகள்ல? குழாயிலயே மருந்து தடவிட்டா என்னன்னு யோசிச்சாங்க. 2012ல 7,000 பேருக்கு மேல வெச்சு பிரிட்டனில் நடந்த ஆய்வுல வெள்ளி பூசின குழாய் பலன் தரலைன்னு தெரிஞ்சது. கிருமிங்க குழாய்ச் சுவர்ல வழவழன்னு ஒரு படலம் கட்டி அதுக்குள்ள குடியிருக்கும். மருந்து உள்ளே போறது கஷ்டம்.

உண்மையான வில்லன் மறதி. 2000ல வந்த ஒரு அமெரிக்க ஆய்வுல, தன் நோயாளிக்குக் குழாய் இருக்கிறதே தெரியாத டாக்டர்கள் 28 சதவீதம்! எங்க ஊர்ல தெரிஞ்ச பெரியவர் ஒருத்தருக்கு இடுப்பெலும்பு ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சது. மூணாம் நாள் எழுந்து உட்கார்ந்துட்டார். டியூப் மட்டும் ஒன்பதாம் நாள் வரைக்கும் இருந்தது. குளிர் ஜுரம் வந்து இன்னும் ரெண்டு வாரம் படுக்கை, கழுத்துல இருந்த நகை அடகுக்கு. எலும்பால வந்த செலவை விட டியூப்பால வந்த செலவு அதிகம்.

தினமும் 'இது இன்னும் வேணுமா'ன்னு டாக்டருக்கு ஞாபகப்படுத்தற ஏற்பாடு இருந்தாலே தொற்று பாதியா குறையுதுன்னு 2010ல பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்துச் சொன்னாங்க. எந்த மருந்தும் செய்யாததை ஒரு கேள்வி செஞ்சிருக்கு.

மருந்து இருக்கேன்னு அலட்சியமாவும் இருக்க முடியாது. டெல்லி ஆஸ்பத்திரியில இருந்துட்டு ஸ்வீடன் திரும்பின ஒருத்தரோட மூத்திரத்துலதான் 2008ல என்.டி.எம்.1 கிருமி முதல்ல பிடிபட்டது. கடைசி ஆயுதமா வெச்சிருந்த ஆன்டிபயாடிக்கையே அது செல்லாக்காசாக்கிடும். 2010ல வந்த ஆய்வுல சென்னையில மட்டும் 44 மாதிரிகள்ல அது இருந்தது. வராம தடுக்கறதுதான் ஒரே வழி.

கூட இருக்கிறவங்க செய்யக்கூடியது இவ்ளோதான்:

பை எப்பவும் வயித்துக்குக் கீழே இருக்கணும், ஆனா தரையைத் தொடக்கூடாது. ஸ்கேனுக்குத் தள்ளிட்டுப் போறப்ப வயித்து மேல வைக்க விடாதீங்க. காலி பண்றதுக்கு முன்னாடியும் பின்னாடியும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்க. இணைப்பை நீங்களா பிரிக்காதீங்க. டியூப்பை நீங்களா இழுக்கவே கூடாது, உள்ளே பலூன் இருக்கு.

ரவுண்ட்ஸ் வர்றப்ப தினமும் ஒரு தடவை கேளுங்க, "டாக்டர், இந்த டியூப் இன்னிக்கும் வேணுங்களா?" சில பேருக்கு வேணும்தான், காரணம் சொல்வாங்க. முகம் சுளிச்சாலும் பரவாயில்லை, கேளுங்க.

டிஸ்கி: பதிவுலக டாக்டர்கள் யாராவது படிச்சா, உங்க வார்டுல இந்தக் கேள்வியை யார் கேட்கிறாங்கன்னு பின்னூட்டத்துல சொல்லுங்க.