கந்தையில் எழுதிய வரலாறு

வங்கத்து உழவர் இல்லங்களில் நைந்த புடவையையும் வேட்டியையும் எறிந்துவிடும் வழக்கம் இருந்ததில்லை. அவற்றை அடுக்கி, பழைய புடவைக் கரையில் உருவிய வண்ண இழைகளால் நூலோட்டிக் குளிர்காலப் போர்வையாக்கினர். அதன் பெயர் காந்தா. நம் 'கந்தை'யை நினைவூட்டும் சொல்.

நெல்லை அவித்துக் குத்தி, மாட்டுக்குத் தீனியிட்ட பின் வாய்த்த ஓய்வில் பெண்கள் தைத்தவை அவை. ஒன்றை முடிக்கப் பல மாதங்கள், சிலபோது ஆண்டுகளும் ஆயின. நடுவே தாமரை மலரும். சுற்றிலும் மரம், மீன், யானை.

ஆட்சிப் பணியில் இருந்த குருசதய தத் (1882–1941) இவற்றை ஊர்தோறும் திரட்டினார். பெரும்பாலானவற்றில் தைத்தவர் பெயர் இல்லை. மானதாசுந்தரியோ, தந்தைக்கெனத் தைத்த காந்தாவில் தம் பெயரையும் இழையாலேயே எழுதிவைத்தார். கல்வெட்டுகளில் இடம்பெறாத பெண்களின் வரலாற்றை நாம் இத்தையல்களில்தான் படிக்கிறோம்.